நாற்காலிக்குக் காய்ச்சல்

வரிசை மர அறுவை ஆலையின் வாசலில் தொடங்கி, தபால் நிலையத்தைத் தாண்டி, பொதுக் கழிப்பறையைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் ஆலை வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தது. வாலும் தலையும் ஒரே இடத்தில். தாங்கள் முதலில் நிற்கிறோமா கடைசியில் நிற்கிறோமா என்று நின்றவர்களுக்கே தெரியவில்லை.

"நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"அஞ்சுக்கு."

"நான் நாலரைக்கே வந்துட்டேன்."

"அப்போ ஏன் எனக்குப் பின்னாடி நிக்கிறீங்க?"

"அதாங்க எனக்கும் புரியல."

காய்ச்சல் வருமா வராதா என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை கூட்டம். அதைத் தெரிந்துகொள்ள, தோளோடு தோள் உரசி, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கி, ஐந்து மணி நேரம் நின்றார்கள். ஒருவர் இருமினால் அவர் எச்சில் மூன்று பேர் பிடரியில் விழுந்தது. உலகத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் இவ்வளவு மரியாதையான வரவேற்பு கிடைத்திருக்காது.

ஆலைக்குள், மரத்தூளைப் பெருக்கித் தள்ளிய இடத்தில், ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் முன்னறிவாளர்.

இது அவரே வைத்துக்கொண்ட பெயர். வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி. வரப்போவதைப் பார்ப்பவருக்குக் கண்ணாடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அவருடைய கருவி ஒரு துணி. மஞ்சள் நிறம், லேசான ஈரம், மூக்கைத் துளைக்கும் தைல வாசனை. பனிமலைக் குகையில் வளரும் பாசியில் நூறு நாள் ஊறிய துணி என்றார். வந்தவர் உள்ளங்கையை அதில் அழுத்தி வைக்க வேண்டும். அவர் பத்து எண்ணுவார். கையை எடுத்ததும் துணி மஞ்சளாகவே இருந்தால், "காய்ச்சல் உன்னைத் தேடவில்லை" என்று மணிக்கட்டில் ஊதா மையால் ஒரு முத்திரை குத்துவார். துணியில் கை சிவப்பாகப் பதிந்திருந்தால் முகத்தைச் சுருக்கிக்கொள்வார்.

"காய்ச்சல் உன் கையில ஏறிடுச்சு. இன்னும் உடம்புக்குள்ள இறங்கல. இறங்கப்போகுது."

அதற்கும் வழி இருந்தது. மேசையடியில் ஒரு குடுவை. அதில் தணிப்பு நீர். சிவந்த கையில் ஒரு கரண்டி ஊற்றித் தேய்த்து மறுபடி அழுத்தினால், துணி மஞ்சளாகவே இருக்கும். காய்ச்சல் இறங்கிவிட்டது. முத்திரை. அடுத்தவர் வரலாம். ஒரு கரண்டியின் விலை பத்து நாள் கூலி. கொடுக்க முடியாதவர்களுக்கு ஆலைக்குப் பின்னால் இருந்த மரக் கிடங்கு. வெளியே பூட்டு.

முத்திரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீர் பட்டால் அழியும். அழிந்தால் காவல் போயிற்று, மறுபடி வரிசைதான். ஆகவே முத்திரை வாங்கியவர்கள் அன்றிலிருந்து கையைத் தண்ணீரில் நனைக்கவில்லை. கழிப்பறையிலிருந்து வந்தவர் அப்படியே வந்தார். மீன் அறுத்தவர் அதே கையால் பல் குத்தினார். மளிகைக் கடைக்காரர் சோப்புக் கட்டிகளை மேல் தட்டிலிருந்து இறக்கி அந்த இடத்தில் தைலப் புட்டிகளை அடுக்கினார்.

ஊருக்கு இந்த நிலை திடீரென்று வந்துவிடவில்லை. ஊரார் முறையாகத் தயாராகித்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து தெருவுக்கு இரண்டு பேரைக் கொண்டுபோனது. "இனி இப்படி நடக்கவே கூடாது" என்று எல்லோரும் அழுதார்கள். அழுத கையோடு கொள்ளைநோய்த் தயார்நிலைக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். மர ஆலை முதலாளி தலைவர். அவருடைய கணக்கப்பிள்ளை செயலாளர். பெயர்ப் பலகை எழுதினார்கள். இரும்பு அலமாரி ஒன்று வாங்கி அதில் என்னவோ வைத்துப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை கூடித் தேநீர் குடித்தார்கள். சந்தையில் கை கழுவக் குழாய் வைத்தார்கள். குழாய்க்குத் தண்ணீர் வேண்டும் என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஏழு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அது அடுத்த கூட்டத்துக்கே போனது.

போன மாதம் வானொலியில் சொன்னார்கள். துறைமுகத்தில் புதிய காய்ச்சல். இருமல் இருப்பவர்கள் வீட்டில் இருங்கள், கூட்டம் சேராதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊருக்கு வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த டாக்டரையும் துறைமுகத்துக்கே அழைத்துக்கொண்டார்கள்.

"சோப்பா? இவ்வளவு பெரிய காய்ச்சலுக்குச் சோப்பா?" என்றார் தலைவர். அவருக்கு அது அவமானமாக இருந்தது. பெரிய ஆபத்துக்குப் பெரிய மருந்துதானே வர வேண்டும்? மறுவாரம் முன்னறிவாளர் பேருந்திலிருந்து இறங்கினார். தாடி, அங்கி, பனிமலை, குகை. பார்ப்பதற்கே ஆபத்துக்கு ஈடாக இருந்தார். குழு ஒரே மனதாக அவரை ஏற்றுக்கொண்டது. ஏழு வருடத்தில் அது ஒத்திவைக்காமல் எடுத்த முதல் முடிவு.

தொழில் வாரியாகச் சோதனை நடந்தது. ஐந்தாம் நாள் காலையில் மகப்பேறு வார்டின் ஆயாக்களை அழைத்தார்கள். அவர்களில் ஒருத்தி ஊர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் சலவைக்கார அக்காவின் தங்கை. நான்கு மாதக் கைக்குழந்தைக்காரி. பிறந்த குழந்தையைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது வார்டின் சட்டம். வேலையின் நடுவிலிருந்து அப்படியே வந்தவள் துணியில் கையை வைத்தாள்.

அப்படி ஒரு சிவப்பை முன்னறிவாளரே பார்த்ததில்லையாம். ரேகை ரேகையாக எழுந்தது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"கரண்டி ஒண்ணு பத்தாது. ஏழு வேணும்" என்றார் முன்னறிவாளர்.

தங்கை மாமியாரைப் பார்த்தாள். மாமியார் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். அவளுக்கும் அன்றுதான் சோதனை. பாத்திரம் துலக்கிய கை, இளஞ்சிவப்பு. கையிலிருந்ததைக் கொடுத்துத் தனக்கு ஒரு கரண்டி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வயசாயிடுச்சு. நீ சின்னப் பொண்ணு, தாங்குவ" என்றாள் மாமியார்.

தங்கையைக் கிடங்கில் அடைத்தார்கள். குழந்தை மாமியாரிடம்.

சலவைக்கார அக்கா விஷயம் கேள்விப்பட்டு மத்தியானம் ஓடினாள். கிடங்குச் சன்னலில் மரச்சட்டம் அடித்திருந்தது. இடுக்கில் தங்கையின் முகம்.

"அக்கா, புள்ள பால் குடிச்சானா?"

"புட்டியில குடுத்துப் பாத்தாங்க. துப்புறான்."

"எனக்கு நெஞ்சு கல்லா கட்டிக்கிச்சுக்கா. வலி உயிர் போகுது. பீச்சித் தரையில ஊத்துறேன். அங்க அவன் பசியில கத்துறான், இங்க நான் மண்ணுல ஊத்துறேன். இது என்னக்கா நியாயம்?"

நியாயத்தைப் பற்றி அக்காவுக்கு அதிகம் தெரியாது. கறையைப் பற்றித் தெரியும். பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரித் துணி துவைத்தவள். ரத்தம், சீழ், மருந்து, சாப்பாடு என்று எந்தக் கறை எதற்கு இளகும் என்று பார்த்தவுடன் சொல்லுவாள்.

"உள்ள யார் யார் இருக்காங்க?" என்றாள்.

"நாப்பத்தொரு பேர். வார்டு ஆயாங்க நாலு பேர். ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவங்க. பல் டாக்டர் கடையில சாமான் கழுவுற பொண்ணு. அப்புறம் சவரக்கடை அண்ணன்."

"நான்தான் இருக்கிறதுலயே செவப்பு!" உள்ளேயிருந்து சவரக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "நாள் முழுக்க நுரைக்குள்ள கையை விட்டுட்டுத்தான் கெடக்கேன், என் கையில எப்படிம்மா காய்ச்சல் ஏறுச்சு? வழுக்கி விழுந்திருக்காதா?"

தங்கை அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "ஒரு வேடிக்கை கேளுக்கா. நாப்பத்தொரு பேரை ஒரே அறையில அடைச்சிருக்காங்க. கொஞ்சம்கூட நாத்தம் இல்ல. அவ்வளவு பேரும் சுத்தக்காரங்க."

அக்கா அந்த வார்த்தையை மனத்தில் முடிந்துகொண்டு வந்தாள். வரும் வழியில் பேருந்துக் கண்டக்டரைப் பார்த்தாள். மணிக்கட்டில் பளபளவென்று ஊதா முத்திரை. குனிந்து இருமினார், நிமிர்ந்தார், விரலை நாக்கில் நனைத்தார், டிக்கெட்டைக் கிழித்து ஒரு பெண்ணிடம் நீட்டினார்.

"என்னண்ணே, இருமல் பலமா இருக்கே?"

"மூணு நாளா இருக்கு. உடம்பும் அனலாத்தான் இருக்கு. ஆனா பயமில்ல." மணிக்கட்டைக் காட்டினார். "எனக்கு மஞ்சள்."

முன்னறிவாளர் ஒரு விஷயத்தில் கண்டிப்பானவர். கை பதித்த துணிகளைத் துவைக்கக் கூடாது, எரிக்க வேண்டும். துவைத்தால் காய்ச்சல் தண்ணீரில் இறங்கி ஊரெல்லாம் ஓடும் என்று பயமுறுத்தியிருந்தார். ஆனால் செயலாளர் என்ற மனிதரை அவர் சரியாகக் கணிக்கவில்லை. குண்டூசி வளைந்தால் நிமிர்த்தி வைப்பவர் செயலாளர். நல்ல பருத்தித் துணியை எரிப்பதா? துவைத்தால் குழுவுக்கு மேசைத் துடைப்பான் ஆகுமே! ஒரு மூட்டை கட்டி, விழா மேடைக்கான வெள்ளை விரிப்புகளோடு சேர்த்து, யாருக்கும் சொல்லாமல் சலவைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அக்கா மூட்டையைப் பிரித்தாள். தைல வாசனை அடித்தது. தண்ணீரில் இரண்டு அலசு அலசியதும் வாசனை போய்விட்டது. அதற்குக் கீழே இருந்த வாசனை மேலே வந்தது. அது அவளுக்குத் தெரிந்த வாசனை. எல்லா அடுக்களைக்கும் தெரிந்த வாசனை.

சோப்புத் தொட்டியில் ஒரு முனையைத் தொட்டாள். மஞ்சள் குபீரென்று சிவந்தது. முழுத் துணியையும் அமுக்கினாள். துணி முழுக்கச் சிவப்பு. கையும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நோயாளிகள் படுக்கையில் சிந்திய சாப்பாட்டுக் கறையில் இதே மாயத்தைப் பத்தொன்பது வருடமாக வாரம் ஆறு நாளும் பார்த்து வருகிறாள். அவள் மட்டுமா? வீட்டில் ஒரு வெள்ளைச் சட்டையைத் துவைத்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் பார்த்தால் அது கறை. மேசைக்குப் பின்னால் தாடியோடு ஒருவர் காட்டினால் தரிசனம்.

ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் புளித்த காடி கேட்டு வாங்கினாள். சிவந்த துணியில் ஊற்றினாள். சிவப்பு பின்வாங்கி மஞ்சள் வந்தது. துணிக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டது, ஒரு கரண்டிக்கு மேல் செலவில்லாமல்.

மாலையில் செயலாளர் விரிப்புகளை வாங்க வந்தார்.

"ஐயா, கிடங்குல இருக்கிறவங்களை எப்போ விடுவீங்க?"

"விடுறதா? நாளைக்குப் பாராட்டு விழா. தலைவர் தீர்மானம் வாசிக்கிறார். நாப்பத்தொரு பேரையும் லாரியில ஏத்தி ஆத்துக்கு அந்தப் பக்கம், பழைய கல்குவாரிக் கொட்டகைக்கு. நாப்பது நாள். மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பியாச்சு. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே நாப்பத்தொரு காய்ச்சல்காரங்களைப் பிடிச்ச ஒரே ஊர் நம்ம ஊர்தானாம்."

"என் தங்கச்சிக்குக் கைக்குழந்தை இருக்குங்க. நாப்பது நாள்ல பால் வத்திடும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? நாளைக்குக் காலையில உங்க சலவைக்கூடத்துக்குத்தான் சோதனை. கடைசியா வச்சதே விரிப்பு துவைக்க ஆள் வேணுமேன்னுதான். உன் கையை முதல்ல பாத்துக்கோ."

அக்கா தன் கையைப் பார்த்தாள். பத்தொன்பது வருடச் சோப்பு. அந்தக் கையை வைத்தால் துணியே பற்றி எரியும்.

"விழா மேடையில கை துடைக்கத் துண்டு வேணுமேங்க. நானே எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

"கூலி கேக்க மாட்டியே?"

"மாட்டேங்க."

"அப்போ வா."

மறுநாள் காலை ஆலைத் திடலில் ஊரே கூடியது. மேடையில் வெள்ளை விரிப்பு. நடுவில் சாய்வான, கைப்பிடி வைத்த, பளபளப்பான தேக்கு நாற்காலி. அது தலைவருடையது. பக்கத்தில் முன்னறிவாளர். மேடைக்கு இடப்புறம் லாரி. கிடங்கிலிருந்து நாற்பத்தொரு பேரையும் ஏற்றியாகிவிட்டது. தங்கை லாரிப் பலகையைப் பிடித்தபடி முன்வரிசையில் மாமியார் இடுப்பிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதழுது குரல் கம்மி, வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் கண்டக்டர் இருமினார். மாமியார் கொஞ்சமும் நகரவில்லை. கண்டக்டருக்குத்தான் மஞ்சளாயிற்றே.

தலைவர் பேசினார். ஒலிபெருக்கி அவரைவிடச் சத்தமாகப் பேசியது.

"நம்ம ஊர் தயார்! அலமாரி வாங்கினா போதுமா? மருந்து வாங்கினா போதுமா? எதிரி வர்றதுக்கு முன்னாடி அவனைப் பார்க்கிற கண்ணு வேணும். அந்தக் கண்ணு இதோ!"

கறுப்புக் கண்ணாடி லேசாகத் தலையசைத்தது. கைதட்டல்.

தலைவர் இதுவரை துணியில் கை வைத்ததில்லை. அவருக்கு முத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் குத்தியிருந்தார்கள். இன்று மக்களுக்கு முன்மாதிரியாகத் தானே கை பதித்துக் காட்டிவிட்டுத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

அக்கா மேடையேறி ஈரத் துண்டை நீட்டினாள். தலைவர் இரண்டு கையையும் துடைத்தார்.

"நல்லா வாசமா இருக்கே!"

"ஆமாங்க. சோப்பு."

தலைவர் கம்பீரமாக உள்ளங்கையைத் துணியில் அழுத்தினார். முன்னறிவாளர் பத்து எண்ணினார். எட்டிலேயே குரல் தடுமாறியது. கையை எடுத்தார்கள்.

சிவப்பு. ஐந்து விரலும், மோதிரத்தின் இடம்கூட.

முன்வரிசையில் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. தலைவரின் மனைவி இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

முன்னறிவாளர் சாதாரண ஆளா? இரண்டு மூச்சில் சுதாரித்தார்.

"பாத்தீங்களா தியாகத்தை! ஊரோட காய்ச்சலையெல்லாம் தலைவர் தன் கையில வாங்கிட்டார்!"

கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. ஒருவர் அழவே செய்தார். தலைவர் தன் கையைத் தானே மரியாதையோடு பார்த்துக்கொண்டார்.

ஒரு ஊரை ஏமாற்றுவது கடினம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கைதட்டலைக் கேட்டிருக்க வேண்டும்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா," என்றாள் அக்கா, ஒலிபெருக்கிக்கு அருகில் போய். "தலைவர் வாங்கிட்டாரு. அவர் உக்காந்த நாற்காலி?"

"என்னம்மா?"

"நாற்காலிக்கும் பார்த்துடலாமே. நாளைக்கு வேற யாராவது உக்காருவாங்க."

யாரும் தடுக்குமுன் நாற்காலியின் வலது கைப்பிடியைத் துண்டால் துடைத்து, மஞ்சள் துணியை அதில் சுற்றி அமுக்கினாள். எடுத்துக் காட்டினாள். நீளமாக ஒரு சிவப்புப் பட்டை.

"நாற்காலிக்குக் காய்ச்சல்!" என்று லாரியிலிருந்து சவரக்கடைக்காரர் கத்தினார். "ஏத்துங்க அதையும்! எங்களுக்கு உக்கார ஆச்சு!"

கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது.

"சிரிக்காதீங்க!" முன்னறிவாளர் கையை உயர்த்தினார். "தலைவர் கை பட்டதால நாற்காலிக்குத் தொத்திடுச்சு. இதுதான் இந்தக் காய்ச்சலோட வேகம்!"

சிரிப்பு நின்றது. தலைகள் மறுபடி ஆடத் தொடங்கின. மாமியார் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். லாரி ஓட்டுநர் வண்டியைக் கிளப்பவா என்று செயலாளரைப் பார்த்தார்.

"சரிங்க," என்றாள் அக்கா. "தலைவர் ரெண்டு கையையும் வச்சுத்தானே உக்காந்திருந்தாரு? இப்போ இடது கைப்பிடி. துண்டு படாத கைப்பிடி."

துணியின் இன்னொரு பக்கத்தை இடது கைப்பிடியில் சுற்றி அமுக்கினாள். அவளே பத்து எண்ணினாள், சத்தமாக. எடுத்தாள்.

மஞ்சள்.

"ஒரே நாற்காலி. ஒரே தலைவர். வலது கைக்குக் காய்ச்சல், இடது கை சௌக்கியம். எப்படிங்க?"

முன்னறிவாளர் தொண்டையைச் செருமினார். அக்கா காத்திருக்கவில்லை. இடது கைப்பிடியையும் துண்டால் துடைத்தாள். அமுக்கினாள். சிவப்பு. இடுப்பிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து வலது கைப்பிடியில் ஊற்றித் தேய்த்தாள். துணியில் புது இடம் பார்த்து அமுக்கினாள். மஞ்சள்.

"குணமாயிடுச்சு. இது ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக் காடி. ஐயாவோட குடுவையையும் கொஞ்சம் மோந்து பாருங்க, இதே புளிப்புதான். துண்டுல இருக்கிறது சோப்பு. துணியில இருக்கிறது மஞ்சத் தூள். சோப்பு பட்டா செவக்கும், புளிப்பு பட்டா பழையபடி ஆகும். நீங்க எல்லாரும் வீட்டுல சட்டை துவைக்கிறப்போ பார்த்ததுதான்."

"நம்பிக்கையில்லாதவங்க முன்னாடி துணி வேலை செய்யாது!" என்றார் முன்னறிவாளர்.

"நாற்காலி நம்பிக்கையோடதான்யா நின்னுச்சு!" என்றார் சவரக்கடைக்காரர்.

அவ்வளவுதான். திடல் குலுங்கியது.

"அட ஆமாடி! எங்க வீட்டுக்காரர் வேட்டியில இப்படித்தானே செவந்துச்சு!"

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்."

"நான் சொன்னேன்ல? நீதான் கேக்கல."

ஒரே நிமிடத்தில் ஊரில் ஏமாந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றது சும்மா காற்று வாங்கத்தான் போலிருக்கிறது.

"அப்போ பாருங்க," என்றாள் அக்கா. குரல் இப்போதுதான் உடைந்தது. "கை கழுவினவங்களை எல்லாம் காய்ச்சல்காரங்கன்னு அடைச்சீங்க. கழுவாதவங்களுக்கு முத்திரை குத்தி வெளிய விட்டீங்க. அதோ கண்டக்டர் அண்ணன். நாலு நாளா இருமுறாரு, உடம்பு அனலா இருக்குன்னு அவரே சொல்றாரு. எச்சில் தொட்டு டிக்கெட் கிழிச்சு ஊர் முழுக்கக் குடுத்திருக்காரு. வராத காய்ச்சலைப் பூட்டி வச்சுட்டு, வந்த காய்ச்சலை முன்வரிசையில உக்கார வச்சிருக்கீங்க."

கண்டக்டரைச் சுற்றி ஒரு நொடியில் வட்டமாக இடம் காலியானது. மாமியார்தான் முதலில் ஓடினாள். ஒருவன் கல்லைத் தேடிக் குனிந்தான். அறிவு வந்த வேகத்தில் அடுத்த முட்டாள்தனமும் வந்துவிட்டது.

"கல்லைக் கீழ போடுங்க!" அக்கா அதட்டினாள். "அவரு என்ன திருடினாரா? அண்ணே, வாயை மூடிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போங்க. தனி அறை. சன்னலைத் திறந்து வைங்க. சாப்பாடு வாசலுக்கு வரும். அவர்கிட்ட டிக்கெட் வாங்கினவங்க ஒரு வாரம் கூட்டத்துக்குள்ள போகாதீங்க. உடம்பு சுட்டா ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புங்க. எல்லாரும் கை கழுவுங்க. இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்று ஒரு குரல் கேட்டது. ஏமாற்றம் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சோப்பு எங்க இருக்கு? கடைக்காரர் தைலம்தான் வச்சிருக்காரு" என்று இன்னொருவர் கேட்டார்.

செயலாளர் மெல்ல இடுப்புச் சாவிக் கொத்தைத் தடவினார். "நம்ம தயார்நிலை அலமாரியில நானூறு கட்டி இருக்கு."

"ஏழு வருஷமாவா?"

"ஆமா. முகக்கவசமும் இருக்கு. எடுத்தா தீர்ந்துடுமேன்னு வச்சிருந்தேன்."

இதற்குள் முன்னறிவாளர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் இறங்கியிருந்தார். அங்கே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர் முதலில் தன் மணிக்கட்டின் ஊதா முத்திரையை எச்சில் தொட்டுக் கால்சட்டையில் தேய்த்து அழித்தார். பிறகு கைது செய்தார்.

"வரப்போறதை எல்லாம் சொல்லுவீங்களே. நான் வருவேன்னு துணி சொல்லலையா?"

லாரிப் பலகையைத் திறந்தார்கள். தங்கை குதித்து இறங்கி ஓடினாள். ஓரமாக ஒதுங்கி நின்றிருந்த மாமியார் குழந்தையை நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினாள். தங்கை இரண்டு கையையும் நீட்டியவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"இருங்க அத்தை."

அக்கா கொண்டுவந்திருந்த வாளியிடம் போனாள். ஒரு பகலும் ஒரு இரவும் கிடங்குத் தரையில் கிடந்த கை. சோப்பை எடுத்து, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று வார்டில் செய்வதுபோலவே நிதானமாகத் தேய்த்தாள். குழந்தை கத்தியது. அவள் அவசரப்படவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கழுவி முடித்து, உதறி, குழந்தையை வாங்கி, முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு லாரியின் நிழலில் உட்கார்ந்தாள். கத்தல் நின்றது.

மாமியார் தயங்கித் தயங்கி வாளிக்கு வந்தாள். முத்திரையை ஒருமுறை பார்த்தாள். கையைத் தண்ணீரில் விட்டாள். வாளித் தண்ணீரில் ஊதா மை கரைந்து சுழன்றது.

அக்கா விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மேடையோரம் ஒருவர் பவ்வியமாக வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர். அவர்களுக்குப் பின்னாலும் சிலர். வரிசை மாதிரிதான் தெரிந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தத் துண்டு... அதுல ஒரு கிழிசல் குடுத்தீங்கன்னா வாசல்ல கட்டிக்குவோம். சக்தி உள்ள துண்டு போல."

அக்கா அவரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். துண்டை எடுத்துச் சோப்பு வாளியில் போட்டு, அவர் கையில் வாளியைக் கொடுத்தாள்.

"வாசலுக்கு எதுக்கு? முதல்ல கையைக் கழுவுங்க. தலைக்கு உள்ள இருக்கிறதைத் துவைக்க எங்க கூடத்துல ஆள் இல்ல, அது அவங்கவங்க வேலை."